மூன்று நீர்மூழ்கிகளும் ஒரு நாசகாரிக் கப்பலும்: எச்.எம்.எஸ். பெட்டார்டின் போர்க்கால வரலாறு

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்களைப் பற்றி எழுதுபவர்கள், எச்.எம்.எஸ். பெட்டார்டின் பெயர் வந்ததும் தவறாமல் ஒரு செய்தியைச் சொல்வார்கள். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்று அச்சு நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் ஒவ்வொன்றை மூழ்கடித்ததில் அதற்குப் பங்கு உண்டு என்பதே அந்தச் செய்தி. 1942 அக்டோபர் 30, 1942 டிசம்பர் 15, 1944 பிப்ரவரி 12 என்று பதினாறு மாதங்களுக்குள் அடங்கிவிடும் மூன்று தேதிகள் அவை. தகவல் சரியானதுதான். ஆனால் மூன்று என்று எண்ணிச் சொல்லும்போது, ஒன்றுக்கொன்று சற்றும் ஒப்பில்லாத மூன்று நிகழ்ச்சிகள் ஒரே வரிசையில் நின்றுவிடுகின்றன. முதல் நீர்மூழ்கியிடமிருந்து எடுக்கப்பட்ட இரண்டு புத்தகங்கள் அட்லாண்டிக் கடற்போரின் போக்கில் பங்கு வகித்தன. இரண்டாவது, போர்க்காலத்தில் ஒரு நாசகாரிக் கப்பல் வழக்கமாகச் செய்யும் வேலை. மூன்றாவதை வெற்றி என்று எழுதுவதற்கே கை தயங்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் பெட்டார்டு செய்தது என்ன என்பதும், அதன் கதை வெளியே வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதும் விளங்கும்.

பெட்டார்டு, போர் மூண்டதும் அவசரத் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட 'பி' வகுப்பைச் சேர்ந்த எட்டுக் கப்பல்களுள் ஒன்று. இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையிலுள்ள வாக்கர் என்னுமிடத்தில், விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங்ஸ் தளத்தில் 1939 இறுதியில் அதன் வேலை தொடங்கியது. முதலில் அதற்குப் பெர்சிஸ்டென்ட் என்று பெயரிடவே எண்ணியிருந்தனர். 1941 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்டபோது அது பெட்டார்டு ஆகியிருந்தது. பழங்காலத்தில் கோட்டைக் கதவுகளைத் தகர்க்கப் பயன்பட்ட வெடிகுண்டின் பெயர் அது. 1942 ஜூனில் பணியில் சேர்ந்த அந்தக் கப்பலின் நீளம் சுமார் 105 மீட்டர். எந்திரங்களின் ஆற்றல் 40,000 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 36 கடல் மைலுக்கு மேல். சுமார் 200 பேர் அந்த ஒடுங்கிய எஃகுக் கூட்டுக்குள் வாழ்ந்தார்கள்.

அதன் ஆயுதங்களைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் அது தேவைப்படும். அக்காலத்து பிரிட்டிஷ் நாசகாரிகளுக்கு வழக்கமாகப் பொருத்தப்பட்டது 4.7 அங்குலப் பீரங்கி. போர்க்கால நெருக்கடியில் அவை போதிய எண்ணிக்கையில் கிடைக்கவில்லை என்பதால், விமான எதிர்ப்புக்கும் உதவக்கூடிய 4 அங்குலப் பீரங்கிகளே பி வகுப்புக் கப்பல்களுக்குக் கிடைத்தன. இவை தவிர டார்பிடோக் குழாய்கள், கடலுக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் வெடிக்கும் ஆழ்நீர்க் குண்டுகள், நீருக்கடியில் ஒலியைச் செலுத்தி எதிரொலியைக் கேட்கும் ஆஸ்டிக் கருவி ஆகியவையும் இருந்தன.

நாசகாரி என்ற பெயரைக் கேட்டதும் எதிரிக் கப்பல்களைத் தேடிச் சென்று அழிப்பது மட்டுமே அதன் தொழில் என்று தோன்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், டார்பிடோப் படகுகளை அழிப்பதற்கென்றே இவ்வகைக் கப்பல்கள் உருவாயின என்பது உண்மை. இரண்டாம் உலகப் போருக்குள் அவற்றின் முதன்மையான வேலை காவலாகிவிட்டது. சரக்குக் கப்பல்களையும் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்களையும் தொடரணியாக நிறுத்தி, அவற்றைச் சுற்றி ஓடிக்கொண்டே நீருக்கடியில் இருக்கும் எதிரியைக் காது கொடுத்துத் தேட வேண்டும். பெட்டார்டின் முதல் நீண்ட பயணமும் அப்படிப்பட்டதுதான். மத்தியதரைக் கடலின் நடுப்பகுதி எதிரியின் விமானங்களுக்கு எட்டுமிடமாக இருந்ததால், 1942 கோடையில் ஒரு படைத் தொடரணியோடு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, செங்கடல் வழியாகவும் சூயஸ் வழியாகவும் சென்று அது மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியை அடைந்தது.

அதன் முதல் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் மார்க் தார்ன்டன். கண்டிப்புக்குப் பெயர்போனவர், தம் ஆட்களை இரவு பகல் பாராமல் பயிற்சியில் வாட்டியவர். அந்தப் பயிற்சிக்குள் ஒரு தனி நோக்கமும் இருந்தது. எதிரியின் நீர்மூழ்கி மேலே வந்தால், மூழ்கடிப்பதோடு நில்லாமல் அதற்குள் ஏறி, அகப்படும் ஆவணங்களை எடுத்துவர வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1942 அக்டோபர் 30 காலையில், நைல் கழிமுகத்துக்கு வடக்கே சுமார் 70 கடல் மைல் தொலைவில் ஒரு நீர்மூழ்கி இருப்பதாக விமானத்திலிருந்து தகவல் வந்தது. பெட்டார்டு, பேக்கன்ஹாம், ஹீரோ, டல்வர்டன், ஹர்வொர்த் ஆகிய ஐந்து கப்பல்களும் விரைந்தன. நீருக்கடியில் இருந்தது ஹான்ஸ் ஹைட்மன் தலைமையிலான யு-559. அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 1941 நவம்பரில், தோப்ருக்குக்கு அப்பால் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் பாரமட்டாவை மூழ்கடித்த நீர்மூழ்கி அதுவே.

நீர்மூழ்கி வேட்டை எத்தனை பொறுமை கேட்கும் வேலை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் புலப்படாது. ஆஸ்டிக் கருவியின் எதிரொலி முன்னால் இருக்கும் பொருளைக் காட்டும். கப்பல் அதன்மேல் நெருங்க நெருங்க ஒலிக்கற்றை அதைத் தாண்டிப் போய்விடும் என்பதால், குண்டைப் போட வேண்டிய அந்தக் கடைசிக் கணங்களில் வேட்டையாடுபவன் கண்ணற்றவனாகிவிடுகிறான். குண்டு அமிழும் நேரத்துக்குள் நீர்மூழ்கி திரும்பி விலகிவிடலாம். மத்தியதரைக் கடலில், வெப்பமும் உப்பும் மாறுபடும் நீரடுக்குகள் ஒலியை வளைத்துத் திசைமாற்றும் தொல்லை வேறு. அன்று பகல் முழுவதும் ஐந்து கப்பல்களும் மாறி மாறிக் குண்டு வீசின. வீசப்பட்டவை நூற்றுக்கும் மேல். யு-559 குண்டுகள் வெடிக்கும் உச்ச ஆழத்துக்கும் கீழே போயிருக்கிறது என்று ஐயுற்ற பெட்டார்டின் ஆட்கள், குண்டின் வெடிப்பானுக்குள் நீர் புகும் துளைகளில் சவர்க்காரத்தைத் திணித்து அடைத்து, நீர் மெதுவாகப் புகுமாறும் குண்டு இன்னும் ஆழத்தில் வெடிக்குமாறும் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. கையில் அகப்பட்ட சோப்புக் கட்டியைக் கொண்டு ஓர் ஆயுதத்தின் எல்லையை நீட்டிய அந்தச் சமயோசிதம் அந்தக் கப்பலின் பயிற்சிக்குச் சான்று.

இரவு பத்தரை மணியைத் தாண்டியபோது யு-559 மேலே வந்தது. தேடுவிளக்கின் ஒளியில் பெட்டார்டு சுட்டது; ஜெர்மானிய மாலுமிகள் கடலில் குதித்தார்கள். நீர்மூழ்கிக்குள் நீர் புகுவதற்கு வழிசெய்துவிட்டுத்தான் அவர்கள் வெளியேறினார்கள். எப்படியும் சில நிமிடங்களில் மூழ்கிவிடும் என்ற எண்ணத்தில் ரகசியப் புத்தகங்களை அழிக்காமல் விட்டதுதான் அவர்கள் செய்த பிழை.

பெட்டார்டின் முதல் லெப்டினன்ட் ஆன்டனி ஃபாசனும் மாலுமி காலின் கிரேசியரும் கடலில் பாய்ந்து, மூழ்கிக்கொண்டிருந்த அந்தக் கப்பலுக்குள் இறங்கினார்கள். ஃபாசன் ஸ்காட்லாந்தின் ஜெட்பர்க்கைச் சேர்ந்தவர், வயது 29. கிரேசியர் இங்கிலாந்தின் டாம்வொர்த்தைச் சேர்ந்தவர், வயது 22. அவர்களோடு சேர்ந்துகொண்ட மூன்றாமவர் டாமி பிரவுன். கப்பலின் கேன்டீனில் தேநீரும் சிகரெட்டும் விற்கும் உதவியாளர். வயது 16, கடற்பணிக்கு வேண்டிய குறைந்தபட்ச வயதை எட்டாதவர் என்பதை மறைத்துக் கப்பலேறியவர்.

உள்ளே நடந்ததைப் பின்னர் விசாரணையில் சொன்னவர் பிரவுன் ஒருவரே. உள்ளே விளக்குகள் அணைந்திருந்தன; ஃபாசனிடம் ஒரு கைவிளக்கு இருந்தது. நீர்மூழ்கியின் மேலே எழுந்து நிற்கும் கோபுரத்தில் குண்டு துளைத்த இடங்கள் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தரையில் அது மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது. ஃபாசன் தம் எந்திரத் துப்பாக்கியின் கட்டையால் தலைவரின் அறையிலிருந்த அலமாரிகளை உடைத்தார். கதவுக்குப் பின்னால் சாவிகள் தொங்கக் கண்டு, அவற்றுள் ஒன்றால் ஓர் இழுப்பறையைத் திறந்து, அதிலிருந்த புத்தகங்களைப் பிரவுனிடம் கொடுத்தார். அவை நீர் பட்டால் கரையும் மையில் அச்சிடப்பட்டவை. எதிரி கைக்குப் போகாமல் கடலே அழித்துவிட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருந்தார்கள். கோபுரத்தின் செங்குத்தான ஏணியில், நீர் மேலே கொட்ட, அவற்றை நனையாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பற்றி ஏற வேண்டும். பிரவுன் மூன்று முறை ஏறி இறங்கினார். கீழே இருவரும் சுவரில் பொருத்தியிருந்த ஒரு கருவியைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார்கள். மேலே வந்துவிடும்படி பிரவுன் இருமுறை கூவினார். அவர்கள் ஏணியில் ஏறத் தொடங்கியிருந்த நேரத்தில் நீர்மூழ்கி சடாரென்று இறங்கியது. பிரவுன் குதித்துத் தப்பினார். ஃபாசனும் கிரேசியரும் யு-559 உடன் போய்விட்டார்கள்.

புத்தகங்கள் தப்பின. ஜெர்மானியரின் எனிக்மா என்னும் மறைக்குறியீட்டு எந்திரமே அன்று கைப்பற்றப்பட்டது என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியல்ல. பெட்டார்டுக்கு வந்து சேர்ந்தவற்றில் தலையாயவை வானிலைச் சுருக்கக் குறியீட்டுப் புத்தகமும், சுருக்கச் செய்திக் குறியீட்டுப் புத்தகமும். ஓர் எந்திரத்தைக் காட்டிலும் இந்த இரண்டு சிறு நூல்கள் ஏன் பெறுமதி வாய்ந்தவையாக இருந்தன என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அந்த இரவின் முழு மதிப்பு தெரியும்.

ஜெர்மானியக் கடற்படை தன் வானொலிச் செய்திகளை எனிக்மா எந்திரத்தால் மறைத்து அனுப்பியது. அதன் மூன்று சுழல் சக்கரங்கள் தந்த மறைப்பை பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கிலிருந்த கணித அறிஞர்கள் 1941இல் உடைத்துப் படித்துவந்தார்கள். 1942 பிப்ரவரி 1 முதல் அட்லாண்டிக் நீர்மூழ்கிகளுக்கு நான்காவது சக்கரம் ஒன்று சேர்க்கப்பட்டதும் எல்லாம் இருண்டுவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் சுறா என்று பெயரிட்ட அந்த வலைப்பின்னலை ஏறத்தாழ பத்து மாதங்கள் அவர்களால் படிக்க இயலவில்லை. அந்த ஆண்டில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தன. இருள் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தொடரணிகளை எதிரியின் வழியிலிருந்து விலக்கிவிடும் வாய்ப்பு அந்த இருளில் போய்விட்டிருந்தது.

பூட்டு வானிலை வழியாகத் திறந்தது. கடலில் இருக்கும் நீர்மூழ்கிகள் காற்று, அழுத்தம், வெப்பம் முதலியவற்றைச் சில எழுத்துகளாகச் சுருக்கி, எனிக்மாவால் மறைத்துக் கரைக்கு அனுப்பின. கரையிலிருந்த வானிலை நிலையங்களில் மூன்று சக்கர எந்திரமே இருந்ததால், வானிலைச் செய்தியை அனுப்பும்போது நீர்மூழ்கிகள் நான்காவது சக்கரத்தைச் செயலற்ற நிலையில் நிறுத்திக்கொண்டன. கரை நிலையங்கள் அந்த வானிலைத் தகவலையே வேறொரு குறியீட்டில் மறுபடியும் ஒலிபரப்பின. அந்தக் குறியீட்டை பிளெட்ச்லி பார்க் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தது. ஆகவே நீர்மூழ்கி சொன்னது என்ன என்பது பிரிட்டிஷ்காரர்களுக்குத் தெரியும். மறைத்து அனுப்பிய எழுத்துகளும் கையில் இருந்தன. இரண்டுக்கும் இடையே வானிலையை எந்த எழுத்துகளாகச் சுருக்கினார்கள் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது யு-559இன் வானிலைப் புத்தகம். அதைக் கொண்டு மூலச் செய்தியை எழுத்துக்கு எழுத்து ஊகித்து, அந்த நாளுக்குரிய மூன்று சக்கரங்களின் அமைப்பைப் பழைய எந்திரங்களாலேயே கண்டுபிடிக்க முடிந்தது. பிறகு மற்றச் செய்திகளுக்கு நான்காவது சக்கரத்தின் நிலையைத் தேடுவதுதான் மிச்சம். 26 எழுத்துகளில் ஒன்று.

புத்தகங்கள் 1942 நவம்பர் 24 அன்று பிளெட்ச்லி பார்க்கை அடைந்தன. டிசம்பர் 13 அன்று சுறா உடைந்தது. அன்றே பத்துக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் நின்ற இடங்கள் லண்டனிலிருந்த கடற்படைத் தலைமையகத்துக்குத் தெரிவிக்கப்பட்டன. 1943 மார்ச் 10இல் ஜெர்மானியர்கள் வானிலைப் புத்தகத்தை மாற்றியபோது மீண்டும் இருள் சூழும் என்று அஞ்சினார்கள். யு-559இலிருந்து வந்த இரண்டாவது புத்தகமான சுருக்கச் செய்திக் குறியீடு அப்போது கைகொடுத்தது. பத்து நாட்களுக்குள் வழி மறுபடி திறந்தது. மே 24 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் தம் கப்பல்களை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார்.

இங்கே நிதானம் வேண்டும். அந்தப் பின்வாங்கலை இரண்டு புத்தகங்களின் கணக்கில் மட்டும் எழுதுவது மிகை. நெடுந்தூரம் பறக்கும் விமானங்களும், சிறு விமானந்தாங்கிக் கப்பல்களும், குறுகிய அலைநீள ராடாரும், காவல் கப்பல்களின் எண்ணிக்கை பெருகியதும் அதே மாதங்களில் வந்து சேர்ந்தன. என்றாலும், மிகக் கொடிய அந்தக் குளிர்காலத்தில் எதிரியின் கூட்டம் எங்கே காத்திருக்கிறது என்று அறிந்து எத்தனையோ தொடரணிகளைத் திருப்பிவிட முடிந்தது என்றால், அதற்கு வழி அந்த ஏணியில்தான் ஏறி வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஃபாசனுக்கும் கிரேசியருக்கும் ஜார்ஜ் கிராஸ் விருதும் பிரவுனுக்கு ஜார்ஜ் பதக்கமும் 1943 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டன. எதிரியின் நேர்முன் நின்று காட்டிய வீரத்துக்கே பிரிட்டனின் தலையாய போர்வீர விருதான விக்டோரியா கிராஸ் என்பது விதி. ஆட்கள் வெளியேறிவிட்ட நீர்மூழ்கிக்குள் இறங்கியது அந்த வரையறைக்குள் வரவில்லை. விருதின் அறிவிப்பில் அவர்கள் எடுத்துவந்தது என்ன என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சொல்லவும் முடியாது, ஜெர்மானியர்கள் அறிந்தால் மறுநாளே குறியீடுகளை மாற்றிவிடுவார்கள். இரண்டு குடும்பங்களும் தங்கள் பிள்ளைகள் எதற்காக இறந்தார்கள் என்பதை அறியாமலேயே துக்கம் காத்தன. பிரவுனின் வயது வெளிப்பட்டு அவர் பெட்டார்டிலிருந்து இறங்க நேர்ந்தது. 1945 பிப்ரவரியில் விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தபோது வீடு தீப்பற்றியது. உள்ளே சிக்கிய தங்கையை மீட்கப் போய் அவரும் இறந்தார். பதக்கத்தை அரசரிடமிருந்து பெற்றுக்கொண்டவர் அவருடைய தாய்.

இரண்டாவது நீர்மூழ்கியைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. 1942 டிசம்பர் 15 அதிகாலையில், மால்டாவுக்குத் தெற்கே, பெட்டார்டும் கிரேக்க நாசகாரி வாசிலிசா ஓல்காவும் சேர்ந்து இத்தாலிய நீர்மூழ்கி உவார்சியெக்கை மேலே வரச் செய்தன. அதன் தலைவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். தார்ன்டனின் ஆட்கள் இம்முறையும் உள்ளே ஏறி ஆவணங்களைக் கைப்பற்றினார்கள். நீர்மூழ்கியோடு மோதியதில் பெட்டார்டின் மூக்கு நசுங்கியது. மால்டாவுக்கு இழுத்துச்செல்ல முயன்றும் உவார்சியெக் வழியிலேயே மூழ்கிவிட்டது. திட்டமிட்ட பயிற்சி, துணிவு, ஓரளவு நல்லூழ் ஆகிய மூன்றும் கூடிய காரியம் அது. சுறா உடைந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்த நேரம். தாங்கள் ஆறு வாரங்களுக்கு முன் எடுத்துவந்தது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது அந்தக் கப்பலில் யாருக்கும் தெரியாது.

1943 தொடக்கத்தில் தார்ன்டனுக்குப் பதிலாக லெப்டினன்ட் கமாண்டர் ரூபர்ட் ஈகன் தலைமை ஏற்றார். வட ஆப்பிரிக்காவில் அச்சுப் படைகளின் கடைசி நாட்களில், மே 4ஆம் தேதி, நூபியன், பாலடின் ஆகிய நாசகாரிகளுடன் சேர்ந்து பெட்டார்டு துனீசியக் கரைக்கு அருகே இத்தாலியச் சரக்குக் கப்பல் காம்போபாசோவையும் அதற்குக் காவலாக வந்த பெர்சேயோவையும் மூழ்கடித்தது. சிசிலி, சலேர்னோ தரையிறக்கங்களிலும் அது பங்கேற்றது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஈஜியன் கடலில் நடந்ததுதான் கசப்பானது. வானாதிக்கம் ஜெர்மானியர்களிடம் இருந்த அந்தக் கடலில், லெரோஸ் தீவைக் காக்கும் படைகளுக்கு ஆட்களையும் பொருள்களையும் இரவோடிரவாகக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நாசகாரிகளின் தலையில் விழுந்தது. வாசிலிசா ஓல்கா செப்டம்பர் 26 அன்று லெரோஸில் விமானத் தாக்குதலில் மூழ்கியது. அக்டோபர் 22 அன்று ஹர்வொர்த் கண்ணிவெடியில் சிக்கியது. இரண்டு நாள் கழித்து, பெட்டார்டோடு சேர்ந்து வீரர்களை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த எக்லிப்ஸ் அதே நீர்ப்பரப்பில் கண்ணிவெடிக்கு இரையாக, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நீரில் தத்தளித்தவர்களைப் பெட்டார்டு காப்பாற்றியது. நவம்பரில் டல்வர்டன். ஏப்ரலிலேயே பேக்கன்ஹாம் போய்விட்டிருந்தது. ஆக, யு-559ஐ வேட்டையாடிய ஐந்து கப்பல்களில் மூன்று ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குள் கடலடிக்குச் சென்றுவிட்டன.

பெட்டார்டு அடுத்து இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்டது. பிரிட்டனின் கிழக்குக் கடற்படை 1942இல் ஜப்பானியரின் தாக்குதலுக்குப் பின் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பின்வாங்கியிருந்தது. 1944 தொடக்கத்தில் அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில் தலைமையில் அது மீண்டும் இலங்கையில், திருகோணமலையைத் தளமாகக் கொண்டு வலுப்பெற்றுவந்தது. பர்மியப் போர்முனைக்குக் கிழக்கு ஆப்பிரிக்கப் படைகளைக் கொண்டுசேர்க்க மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குத் தொடரணிகள் ஓடின. கப்பல்கள் பல, காவல் சில என்பதே அன்றைய நிலை.

1944 பிப்ரவரி தொடக்கத்தில் மொம்பாசாவிலிருந்து புறப்பட்ட கே.ஆர். 8 என்ற தொடரணியில் ஐந்து படைக் கப்பல்கள் இருந்தன. 12ஆம் தேதி, சனிக்கிழமை, அது மாலத்தீவின் தென்பகுதியை நெருங்கியபோது, ஹாக்கின்ஸ் என்ற பழைய குரூசரும் பெட்டார்டு, பாலடின் ஆகிய இரண்டு நாசகாரிகளும் மட்டுமே உடன் இருந்தன. படைக் கப்பல்களுள் ஒன்றான கெதிவ் இஸ்மாயிலில் 1,511 பேர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையின் 301ஆம் பிரிவைச் சேர்ந்தவர்கள். செவிலியர்களும் மற்ற பெண் பணியாளர்களுமாக எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களும் இருந்தனர். மதிய உணவு முடிந்து, மண்டபத்தில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. பிற்பகல் இரண்டரை மணி அளவில் ஃபுகுமுரா தொஷியாக்கியின் தலைமையிலிருந்த ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27 எய்த இரண்டு டார்பிடோக்கள் கப்பலைத் தாக்கின. இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. கெதிவ் இஸ்மாயில் நீருக்குள் மறைந்துவிட்டது.

எஞ்சிய கப்பல்கள் சிதறி விலகின. உயிர் பிழைத்தவர்கள் மரத்துண்டுகளையும் தெப்பங்களையும் பற்றிக்கொண்டு மிதந்தார்கள். நாசகாரிகளின் ஆஸ்டிக் கருவி நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தது. அது இருந்தது அவர்களுக்கு அடியில்.

நீரில் ஆழ்நீர்க் குண்டு வெடிக்கும்போது எழும் அழுத்தம் எஃகுத் தகட்டை நெரிக்கக்கூடியது. அருகில் மிதக்கும் மனித உடலின் உள்ளுறுப்புகள் அதைத் தாங்கமாட்டா. ஈகன் குண்டு போட ஆணையிட்டார். அவர் முன் இருந்த கணக்கைப் பின்னாளில் எந்த நாற்காலியில் அமர்ந்து போட்டாலும் அதன் கொடுமை குறையாது. பயிற்சி பெற்ற எதிரி ஒருவன் கீழே இருக்கிறான். நிறுத்திய கப்பலிலிருந்து படகுகளை இறக்கி மக்களைத் தூக்கிக்கொண்டிருந்தால், அசையாமல் நிற்கும் அந்தக் கப்பலே அடுத்த இலக்கு. அவனைத் தப்பவிட்டால், ஆயிரக்கணக்கான வீரர்களோடு ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நான்கு கப்பல்களையும் அவன் பின்தொடரலாம். தொடரணிக் காவலின் விதி தெளிவாக இருந்தது. மிதந்துகொண்டிருந்தவர்கள் நாசகாரி தங்களை நோக்கி வருவதைக் கண்டு மீட்பு வந்துவிட்டது என்று எண்ணினார்கள். ஈகனின் முடிவு சரி என்றே நான் கருதுகிறேன். அதை எழுதும்போது, அந்த நீரில் இருந்தவர்களில் ஒருவருக்காவது அதை விளக்கிச் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

குண்டு வீச்சுகளுக்கிடையே படகுகள் இறக்கப்பட்டு, கிடைத்தவர்கள் மீட்கப்பட்டார்கள். இறுதியில் ஐ-27 மேலே வந்தது. அதன் நீளம் சுமார் 109 மீட்டர்; தன்னை வேட்டையாடிய நாசகாரியைவிட நீளமானது. பாலடின் அதை மோதித் தாக்கப் பாய்ந்தது. மோதினால் பாலடினும் முடங்கும் என்று உணர்ந்த ஈகன் கடைசி நேரத்தில் தடுத்தார். பாலடின் திரும்பியும், நீர்மூழ்கியின் பக்கவாட்டுச் சுக்கான் அதன் அடிவயிற்றைக் கிழித்துவிட்டது. இனி பெட்டார்டு தனியாக முடிக்க வேண்டும். இங்கேதான் அந்த 4 அங்குலப் பீரங்கிகளின் குறை வெளிப்பட்டது. குண்டுகள் மேல்தளத்தையும் கோபுரத்தையும் சிதைத்தனவே தவிர, தடித்த உள்ளுடலைத் துளைக்கவில்லை. ஈகன் டார்பிடோக்களை ஒவ்வொன்றாக ஏவினார். ஆறு குறி தவறின. ஏழாவது தாக்கியது; ஐ-27 வெடித்து மூழ்கியது. வேட்டை தொடங்கி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. காயம்பட்ட பாலடினைப் பெட்டார்டு அட்டு பவளத்தீவுக்கு இழுத்துச் சென்றது.

கெதிவ் இஸ்மாயிலில் இருந்தவர்களில் 1,297 பேர் இறந்தனர். அவர்களுள் 77 பேர் பெண்கள். பிழைத்தவர்கள் 208 ஆண்களும் 6 பெண்களும் மட்டுமே. பிரிட்டிஷ் காமன்வெல்த்தின் வரலாற்றில் போர்ப்பணியில் இருந்த பெண்கள் ஒரே நிகழ்ச்சியில் இத்தனை பேர் மாண்டது வேறெப்போதும் இல்லை. அதைப் போலவே பேசப்பட வேண்டியவர்கள் கென்யாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் இருந்து வந்த பீரங்கிப் படைவீரர்கள். போர்முனையைக் காணும் முன்பே கொழும்புக்கு வழியில் மடிந்தவர்கள்.

அதற்குப் பிறகு பெட்டார்டு திருகோணமலையிலிருந்து இயங்கியது. 1944 ஏப்ரல் 19 அன்று சுமத்திராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங் துறைமுகத்தை இலஸ்ட்ரியஸ், சரடோகா ஆகிய விமானந்தாங்கிகளின் விமானங்கள் தாக்கியபோது, அவற்றுக்குக் காவலாகச் சென்ற நாசகாரிகளுள் அதுவும் ஒன்று. போர் முடிந்தபோது பி வகுப்பின் எட்டுக் கப்பல்களில் தொடர்ந்து பணிக்கு ஏற்ற நிலையில் மிஞ்சியவை பெட்டார்டு, பாலடின், பென் ஆகிய மூன்று மட்டுமே. 1950களில் பெட்டார்டும் பாலடினும் டைப் 16 என்னும் நீர்மூழ்கி எதிர்ப்பு ஃப்ரிகேட்டுகளாக மாற்றியமைக்கப்பட்டன. வாழ்நாளெல்லாம் செய்த வேலையே இப்போது பெயரளவிலும் அதற்கு உரியதாயிற்று.

1967இல் பெட்டார்டு ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்திலுள்ள போனஸ் என்ற ஊருக்கு இழுத்துச் செல்லப்பட்டுப் பழைய இரும்புக்காக உடைக்கப்பட்டது. பிளெட்ச்லி பார்க்கின் செயல்கள் அப்போதும் அரச ரகசியமாகவே இருந்தன. அவை வெளிவரத் தொடங்கியது 1970களில்தான். அந்தத் தளத்தில் தகடுகளை வெட்டிப் பிரித்தவர்களுக்குத் தங்கள் கையில் இருப்பது எந்தக் கப்பல் என்பது பெயரளவில்தான் தெரிந்திருக்கும். கிரேசியரின் ஊரான டாம்வொர்த்தில், மூன்று நங்கூரங்களாக வடிக்கப்பட்ட நினைவுச் சின்னம் எழுந்தது 2002இல். ஃபாசன், கிரேசியர், பிரவுன் ஆகிய மூவருக்கும் ஆளுக்கொன்று.